புத்தரின் கையைப் பார்த்து உட்காருங்கள்

விளாச்சேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருக்கும் பொம்மைகளில் புத்தரை எடுத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும்? வீட்டில் வைத்தால் ஆகுமா, ஆகாதா? இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். நீங்கள் தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக எங்கே தெரியுமோ, அங்கே வையுங்கள். போன வருடம் கொலு சமயத்தில் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "வாங்கிட்டுப் போய் இதை வச்சு என்னக்கா செய்யணும்?" கடையில் கூட்டம் நின்றது, நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

நான் இந்த வேலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். 34 வருடம் ஆகிறது. மண் மிதிப்பது, அச்சில் அமுக்குவது, சூளை வைப்பது எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு ஈரத்தோடு விரல் பிரித்துவிடுவது, சுட்டு வந்தபின் வண்ணம் பூசுவது, கடைசியில் கண் திறப்பது என் பங்கு. அச்சில் முகம் சரியாக விழுந்துவிடும். விரல் விழாது. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு துடுப்பு மாதிரி வரும், அதை ஊசியால் கீறிக் கீறித்தான் கையாக்க வேண்டும். அதனாலோ என்னவோ, எந்தச் சாமியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது கைதான்.

பத்து வருடத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். கையில் ஒரு படம், திபெத்துப் பக்கத்துப் பௌத்தர்கள் கும்பிடுகிற தாராதேவி. இதே மாதிரி ஒரு முழ உயரத்தில் மண்ணில் செய்து தர முடியுமா என்று கேட்டார். பச்சை உடம்பு. இடது கால் மடங்கியிருக்கிறது, வலது கால் மட்டும் ஆசனத்தை விட்டுக் கீழே இறங்கி ஒரு சின்னத் தாமரைமேல் நிற்கிறது. இடது கையில் நீலக் குவளைத் தண்டு. வலது கை முழங்கால்மேல் இருந்து, உள்ளங்கை வெளியே தெரியக் கீழ்நோக்கி விரிந்திருக்கிறது. செய்து பார்த்தேன், அந்தக் கால் இரண்டு தடவை சூளையில் போய்விட்டது. மூன்றாவது தடவை அவர் பார்க்க வந்தபோது, "இந்தக் காலையும் மடக்கிவிட்டால் உடையாது சார், எதற்கு இப்படித் தொங்கவிட்டிருக்கு?" என்றேன். அவர் சொன்னார்: "அவ எந்திரிக்கப் போறாம்மா. கூப்பிட்டா உடனே இறங்கணும்ல, அதுக்காக ஒரு காலை முன்னாடியே கீழ வச்சிருக்கா." கருணையே உருவான போதிசத்துவர் அவலோகிதர் உலகத்தின் துன்பத்தைப் பார்த்துச் சிந்திய கண்ணீரில் ஒரு தாமரை முளைத்து, அதில் தாரா பிறந்தாள் என்ற கதையையும் சொன்னார்.

அப்போது என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுக்க வராது. பேச்சும் குழறும். நான்தான் பார்த்துக்கொண்டேன், ஆனால் மனசோடு பார்த்தேன் என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்து அவர் குரல் கொடுத்தால் தூரிகையைக் கீழே வைக்கவே எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்தக் கால் விஷயம் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் அந்தச் சாரிடமே கேட்டு உட்காரக் கற்றுக்கொண்டேன். அவர் சொன்னதும் இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டதும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது.

எந்த உருவம்

விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. காலண்டர் படம் போதும். ஆனால் கை தெளிவாகத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தொப்பை வைத்துச் சிரிக்கிறவரை நாங்களும் செய்து விற்கிறோம். அவர் 10-ம் நூற்றாண்டுச் சீனத்துத் துறவி பூடாய், சாக்கியமுனி புத்தர் அல்ல. அவரைப் பார்த்தால் மனசு லேசாகும், இருக்கட்டும். இந்தப் பழக்கத்துக்கு வேறு உருவம் வேண்டும்.

அப்புறம், எங்களுக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்விட்டு வந்து, "செட்டிப்புடவில் புத்தரைப் பார்த்தேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சமணத் தீர்த்தங்கரர். தலைக்குமேல் முக்குடை இருக்கும், உடம்பில் துணி இருக்காது. புத்தர் என்றால் சீவரம் என்கிற துறவி ஆடை உண்டு, உச்சந்தலையில் முடிச்சு மாதிரி ஒரு மேடு உண்டு. அந்த மலையில் போய் உட்கார்ந்தால் மனசு அடங்கும், நானே போவேன். அவரவரை அவரவர் பெயரில் கும்பிட வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

நம் தமிழ்நாட்டுப் புத்தர்தான் வேண்டும் என்றால் நாகப்பட்டினத்து வெண்கலப் புத்தர்களின் படத்தைத் தேடிப் பாருங்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு, ராஜராஜனே ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து மண்ணுக்கடியில் கிடைத்த வெண்கலச் சிலைகள் முந்நூற்றுக்கும் மேல். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பார்க்கலாம். தலையில் சுடர் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். நிற்கிற புத்தரில் வலது கை அஞ்சாதே என்று உயர்ந்திருக்கும், இடது கை கொடுக்கிற மாதிரி இறங்கியிருக்கும். நான் வைத்திருப்பது அந்த மாதிரி ஒன்றைப் பார்த்துச் செய்த ஆறு அங்குல மண் பொம்மை.

முதல் ஐந்து நிமிடம்: பார்ப்பது

கண்ணை மூடுவதற்கு முன்னால் பாருங்கள். அவசரமாகக் கண்ணை மூடிக்கொள்வதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. மூடினால் நாம் கொண்டுவந்த கவலையைத்தான் உள்ளே பார்ப்போம்.

கீழேயிருந்து ஆரம்பியுங்கள். தாமரை இதழ், பாதம், மடிப்பு, வயிறு, நெஞ்சு, கடைசியில் முகம். கண் பாதி தாழ்ந்திருக்கும். நாங்கள் எந்தச் சாமிக்கும் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். கல் வேலை செய்கிற ஸ்தபதிகளும் அப்படித்தான், திபெத்தில் துணியில் எழுதுகிற தங்கா ஓவியர்களும் அப்படித்தான். மற்ற சாமிக்குக் கண் எழுதும்போது கருவிழி நம்மைப் பார்க்கிற மாதிரி வைப்பேன். புத்தருக்கு இமையைக் கீழே இறக்கிக் கருவிழியில் பாதியை மறைக்க வேண்டும். அவர் பார்வை தன் கைக்கும் நமக்கும் நடுவில் எங்கோ விழும். அந்தப் பார்வையோடு சேர்ந்து நீங்களும் இறங்கிக் கைக்கு வாருங்கள். மிச்ச நேரம் முழுக்கக் கையிலேயே இருங்கள்.

அந்தக் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் தியான முத்திரை. வலது கை முழங்காலைத் தாண்டி விரல் நுனியால் தரையைத் தொட்டால் பூமிஸ்பரிசம், போதி மரத்தடியில் தவத்தைக் கலைக்க மாரன் வந்து மிரட்டியபோது பூமியைச் சாட்சிக்கு அழைத்த கை. நெஞ்சளவு உயர்ந்து உள்ளங்கை காட்டினால் அபயம். கீழே இறங்கி உள்ளங்கை வெளியே தெரிந்தால் வரதம். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. உங்கள் கையை அதே மாதிரி வைத்துப் பாருங்கள், அது முக்கியம்.

வரத முத்திரையில் கையை வைத்துப் பார்த்த அன்று எனக்கு ஒன்று தெரிந்தது. எத்தனையோ பொம்மைக்கு அந்தக் கையைக் கீறியிருக்கிறேன், அதுவரை உறைக்கவில்லை. கேட்கிற கை மேல்நோக்கி ஏந்தியிருக்கும், குழிந்திருக்கும், அதில் ஏதாவது நிற்கும். இந்தக் கை விரல் கீழே பார்த்துச் சரிந்திருக்கிறது. இதில் ஒரு அரிசிகூட நிற்காது. வந்ததெல்லாம் அப்படியே வழிந்து எதிரே இருப்பவரிடம் போய்விடும். கொஞ்ச நேரம் அந்தக் கையோடு உட்கார்ந்தால் தோள்பட்டை தானாக இறங்குவது தெரியும்.

பென்சில் பிடிக்கத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு நாள் அந்தக் கையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரையுங்கள். அழகாக வர வேண்டாம். வரைந்தால்தான் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பீர்கள்.

உட்காருவது

போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன் விளிம்பில் உட்காருங்கள். முட்டி வலி இருந்தால் நாற்காலி. நான் இப்போது நாற்காலிதான். நேரம் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால். மார்கழியில் திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும், அதையும் மூச்சோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டே உட்கார வேண்டியதுதான். மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள், விட்டுப்போனால் மறுபடி ஒன்று. பத்து நிமிடம். இதற்குமேல் மூச்சைப் பற்றி நான் சொல்வதற்கு எதுவும் இல்லை.

முறையாகப் படிக்க ஆசை இருந்தால் போவதற்கு இடம் இருக்கிறது. கொடைக்கானலுக்குச் சற்று முன்னாலேயே பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி அமா சாமி தொடங்கிய போதி ஜென்டோ இருக்கிறது, அங்கே ஜென் முறை. கோயங்கா வழி விபாசனா 10 நாள் முகாம் சென்னை திருமுடிவாக்கத்தில் நடக்கிறது. அந்த முகாமில் படம், சிலை எதற்கும் இடமில்லை, இங்கே நான் சொல்கிற உருவப் பழக்கத்தை அங்கே கொண்டுபோய்க் கலக்காதீர்கள். 10-வது நாள் அவர்களும் மைத்திரியில்தான் கொண்டுவந்து முடிப்பார்கள்.

ஒரு ஆள், ஒரு துன்பம்

மூச்சு அடங்கியதும் கருணைக்கு வர வேண்டும். பௌத்தத்தில் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நாலு சொல்கிறார்கள். இதில் முதல் மூன்றின் பெயரும் நம் மணிமேகலையின் 30-வது காதையிலேயே இருக்கிறது. நல்லா இருக்கட்டும் என்று நினைப்பது மைத்திரி. இந்த வேதனை தீரட்டும் என்று நினைப்பது கருணை. அடுத்தவர் சந்தோஷத்தில் நாமும் சந்தோஷப்படுவது முதிதை. எது வந்தாலும் தடுமாறாமல் எல்லாரையும் சமமாகப் பார்ப்பது உபேட்சை.

மைத்திரியைத் தன்னிடமிருந்து தொடங்கச் சொல்கிறது, 5-ம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம். கருணையை மட்டும், கண்ணால் பார்த்த ஒரு கஷ்டப்படுகிற ஆளிடமிருந்து தொடங்கச் சொல்கிறது. உலகத்தில் உள்ள எல்லாரும் என்று ஆரம்பித்தால் யாருமே மனசில் வரமாட்டார்கள். எனவே முதலில் ஒரு நிமிடம், "நான் நல்லா இருக்கணும், எனக்குப் பயம் இல்லாம இருக்கணும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு ஆள். தெருக்கோடியில் இட்லி விற்கிற அம்மாவின் வீங்கிய கணுக்கால். அவ்வளவு குறிப்பாக இருக்க வேண்டும். "அந்தக் கால் வலி தீரட்டும்" என்று மூச்சு வெளியே போகும்போதெல்லாம் சொல்லுங்கள். பிடிக்காதவர்களை முதல் ஆறு மாதத்துக்கு எடுக்காதீர்கள். பழகியபின் அவர்களும் வருவார்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்தது. எதிர்வீட்டில் ஒரு பையன் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் அம்மாவைப் பார்க்கப் போய், நான் அழுத அழுகையில் அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிடும்படி ஆகிவிட்டது. அவர் துக்கத்தைப் பார்க்கப் போனவள் என் துக்கத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். விசுத்திமக்கத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கொடுமை, கருணைக்குத் தூரத்து எதிரி. சோகம், பக்கத்து எதிரி. பார்க்கக் கருணை மாதிரியே இருக்கும், அதனால் அடையாளம் தெரியாது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நெஞ்சு அடைத்து, கை துவண்டு, உட்கார்ந்துவிட்டால் அது சோகம். தண்ணீர் குடிக்கிறாரா, சாப்பிட்டாரா, யார் ராத்திரி துணைக்குப் படுப்பார் என்று கண் தேடினால் அது கருணை. தியானத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தால் நினைப்பை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்து மறுபடி அந்தக் கையைப் பாருங்கள். புத்தர் எதிலும் கை துவண்டு கிடக்காது.

எழுந்திருப்பது

முழுப் பழக்கத்திலும் இதுதான் கனமான இடம், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மணி அடித்ததும் சட்டென்று எழுந்து காப்பி போடப் போகாதீர்கள். தாராவைப் போல வலது காலை முதலில் தரையில் ஊன்றுங்கள். ஊன்றியபடி ஒரு வேலையை முடிவு செய்யுங்கள். யாருக்கு, என்ன, எத்தனை மணிக்கு. மூன்றும் வேண்டும். தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்போம் இல்லையா, அதன் பின்பக்கம் எழுதுங்கள். என்னுடைய தாளில் இருக்கிற மாதிரி: "இட்லி அம்மா, சாயங்காலம் 5, ஆஸ்பத்திரிச் சீட்டு போட நாளைக்குக் கூட வரேன்னு சொல்லணும்." "மூணாவது வீட்டுப் பாட்டி, 11 மணி, உதவித்தொகை எடுக்க பேங்குக்கு." ராத்திரி படுக்கும்போது செய்தாயிற்றா என்று பார்த்துத் தாளைக் கசக்கிப் போட்டுவிடுங்கள். சேர்த்து வைக்காதீர்கள். சேர்த்தால் கணக்காகிவிடும்.

வேலை சின்னதாக இருக்கட்டும். ஆனால் கையால் செய்வதாக இருக்கட்டும். பணம் அனுப்புவதும் நல்லதுதான், அதை வேறு கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்வதற்கு முன் பார்க்கவும் வேண்டும். ஆயிரம் கை அவலோகிதர் படம் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண் இருக்கும். அந்தக் கண் எதற்கு என்று நான் புரிந்துகொண்டது, ஒரு பெரியவருக்கு லட்டு கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான். அவருக்குச் சர்க்கரை 300-க்கு மேல். ஆசையாக இரண்டு தின்றுவிட்டார். அவர் மருமகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அதிலிருந்து முதலில் வீட்டில் இருப்பவரிடம் கேட்பேன், "என்ன வேணும்?" என்று. பாதி நேரம் அவர்கள் கேட்பது நாம் நினைத்தே பார்க்காத ஒன்றாக இருக்கும். ஒருவர், "அரை மணி நேரம் இங்க உக்காருங்க, நான் குளிச்சிட்டு வரேன்" என்றார்.

அத்தையின் கை

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பக்கவாதக்காரர் இருக்கிற வீடுகளுக்கு உதவும்.

அத்தையின் வலது கை இறுகி மூடிக்கொண்டது. நான்கு விரலும் கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்திப் புண்ணாகி, வாடை வர ஆரம்பித்தது. நான் விரலைப் பிடித்து இழுப்பேன், அவர் கத்துவார், இழுக்க இழுக்க இன்னும் இறுகும். ஒரு மாதிரி மல்லுக்கட்டு. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் வழி காட்டினாள். விரலைத் தொடாதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள் என்றாள்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு ஒரு கையால் அவர் முன்கையைத் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டை உள்பக்கமாக மெதுவாக மடக்குங்கள். மடங்க மடங்க விரல்கள் தாமாகத் தளரும். தளர்ந்ததும் கட்டைவிரலை அடியிலிருந்து பிடித்து வெளியே கொண்டுவாருங்கள், நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அப்புறம் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, திறந்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு மணிக்கட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வலித்தால் அந்த இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். உள்ளங்கையைத் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி, நகத்தை நேராக வெட்டுங்கள். பழைய பருத்தித் துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்தால் மறுபடி நகம் குத்தாது. புண் ஆழமாக இருந்தாலோ வீக்கம் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் இதெல்லாம்.

முதல் தடவை கை திறந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. வெளுத்து, சுருங்கி, ரொம்ப நாள் தண்ணீரில் ஊறின மாதிரி இருந்தது உள்ளங்கை. அத்தை அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அன்று காலையில்தான் ஒரு புத்தருக்கு அபயக் கை கீறி முடித்திருந்தேன். அத்தை இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார். அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். குரல் கொடுத்தால் தூரிகையைக் கீழே வைக்க எனக்கு நேரம் ஆகவில்லை.

வாத்தியார் பிறகு ஒரு கதை சொன்னார், பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்கிற விநயத்தில் வருவது. வயிற்றுப்போக்கில் தன் அசுத்தத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்ற பிக்குகள் கண்டுகொள்ளவில்லை. புத்தரும் அவர் சீடர் ஆனந்தரும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, தலைமாட்டை ஒருவரும் கால்மாட்டை ஒருவரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு, என்னைக் கவனிக்க நினைக்கிறவர் நோயாளியைக் கவனிக்கட்டும் என்றார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவருக்கு ஐந்து குணமும் அங்கேயே சொல்லியிருக்கிறது. மருந்து தயார்செய்யத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்பால் செய்ய வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்கக் கூடாது. நேரம் பார்த்து நல்ல வார்த்தை சொல்லி மனசைத் தேற்றத் தெரிய வேண்டும். இந்த ஐந்தையும் எழுதி மாத்திரை டப்பா மூடியில் ஒட்டி வைத்திருந்தேன். இதில் முதலாவதும் இரண்டாவதும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம், மனசு இருந்தால் மட்டும் வந்துவிடாது. எனக்கு லட்டில் தவறியது இரண்டாவது.

ஆபுத்திரன் மதுரையில் செய்தது

வேறு தேசத்துச் சாமியை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று என் நாத்தனார் கேட்பார். பௌத்தக் காப்பியமான மணிமேகலையை எழுதிய சாத்தனாரே மதுரைக் கூலவாணிகர், தானிய வியாபாரி. அந்தக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் வாசலில் தங்குகிறான். வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர், நோயாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பிடவைத்து, மிஞ்சியதைத் தான் தின்று, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்குவான். ஒரு மழைக்கால நடுராத்திரியில் பசி என்று சிலர் வந்து நிற்கிறார்கள். கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் தவித்ததைப் பார்த்துத்தான் தேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். பாத்திரம் கையில் வருவதற்கு முன்னாலேயே அவன் ஆரம்பித்துவிட்டான், அதைக் கவனியுங்கள். நம்மிடம் வசதி வரட்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தின்று, தூங்கவும் செய்தான். உடம்பைப் பட்டினி போட்டுச் சேவை செய்யாதீர்கள்.

பிற்பாதி இன்னும் முக்கியம். இந்திரனால் நாட்டில் மழை செழித்து, பசித்தவரே இல்லாமல் போய்விடுகிறது. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஊர் ஊராகப் போய் உண்ண வாருங்கள் என்று கூப்பிடுகிறான், ஆள் இல்லை. அதற்காக வயிறு நிறைந்தவர் வாயில் சோற்றைத் திணிக்கவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். தாளில் எழுதின ஆள் "வேண்டாம்மா, எம் மகன் பாத்துக்குவான்" என்றால் சரி என்று திரும்பி வந்துவிடுங்கள். தேவை இருக்கிற இடம் வேறு எங்காவது இருக்கும். உதவி செய்வதைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

மனசு வறண்டு கிடக்கிற நாளும் வரும். படத்தைப் பார்த்தால் மண்ணாகத்தான் தெரியும். அன்றைக்கு உட்காருவதைப் பாதியாகக் குறையுங்கள், தாளில் எழுதுவதை மட்டும் விடாதீர்கள். எனக்கு வேலையைச் செய்து முடித்துத் திரும்பி வரும்போதுதான் பல நாள் மனசு இளகியிருக்கிறது. உடம்பு முடியவில்லை என்றால் அன்றைய தாளில் உங்கள் பெயரையே எழுதுங்கள்.

வைகாசி விசாகத்தன்று, அந்த அமுதசுரபி மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையில் மேலே வருவதாகக் காப்பியம் சொல்கிற நாளில், திருப்பரங்குன்றத்துக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் நீர்மோர் கொடுப்போம். அன்று யாருக்கு என்று எழுதவே வேண்டியதில்லை. வெயிலில் வெறுங்காலோடு வருகிறவர் எல்லாரும்தான்.

கடைசியாகப் பொம்மை விஷயம். வருடத்தில் ஒரு தடவையாவது துடைக்கும்போது தட்டி விரல் போய்விடும். அபசகுனம் என்று மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். உடைந்த துண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். துண்டு தொலைந்துவிட்டால் மெல்லிய செப்புக் கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, உடைந்த இடத்தில் ஊசியால் ஒரு சின்னக் குழி எடுத்துச் செருகுங்கள். எம்-சீல் இரண்டு உருண்டையையும் சம அளவு எடுத்து ஒரே நிறம் ஆகும்வரை பிசைந்து, கம்பியைச் சுற்றி வைத்து, ஈர விரலால் வழித்து விரலாக்குங்கள். பக்கத்து விரலைவிட ஒரு நூல் பருமனாக வையுங்கள், தேய்த்தால் சரியாகிவிடும். ஒரு ராத்திரி விட்டு, காலையில் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசுங்கள்.